பெட்டியின் மேல் வெங்காயக் கூடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

முழங்கால் ஒன்றைத் தவிர என் உடம்பில் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் சின்னவனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன், பல் துலக்கிய பிறகுதான், துலக்காத வாயோடு கடவுளிடம் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. உன் கடிதம் தபால் நிலையத்தில் சில நாள் கிடந்து என் கைக்கு வந்தது. உறையின் மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்து வட்டமாகக் கறை போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டால் வரும்போதே அப்படித்தான் வந்தது என்றாள். என் மகள் அப்படி அனுப்புகிறவள் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மாப்பிள்ளைக்கு இருமல் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், அவரை டாக்டரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ, தானாகப் போகிற மனிதர் இல்லை அவர். சின்னவன் படுத்துக்கொண்டு படிக்கிறானா இன்னும்? கண் கெட்டால் திரும்பி வராது என்று நான் சொன்னதாகச் சொல்.

கடைசியில் நீ கேட்டிருந்ததையும் பார்த்தேன். பெரியவளுக்குப் பரீட்சை வருகிறது, படிக்கத் தனி அறை வேண்டும் என்கிறாள், "நீங்க வர்றதா இருந்தா உங்க ரூமை அப்படியே வச்சிருக்கோம், வரலைன்னா அவளுக்குக் கொடுத்துடறோம், ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, மூணு லெட்டரா கேக்கறேன், நீங்க இவர் இருமலைப் பத்தியே எழுதிக்கிட்டிருக்கீங்க" என்று குத்திக் காட்டியிருந்தாய். அதோடு விட்டாயா? "உங்க அட்ரஸை நான் பென்சில்லதான் எழுதி வைக்கிறேன், அழிச்சு அழிச்சு அந்தப் பக்கமே ஓட்டையாயிடுச்சு" என்றும் ஒரு வரி. இந்த நாக்கு உன் அப்பா வழியில் வந்தது, என் வழியில் இல்லை. சரி, இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உன் சித்தப்பாவைக் கூப்பிட்டு அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி, அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி.

உன் அப்பா போனதும் உன் சித்தப்பா பங்கு பங்கு என்று நின்று வீட்டை விற்க வைத்தது உனக்குத் தெரியும். நான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, கஷ்டமே அதுதான். பாத்திரத்துக்கு ஒரு மெஷின், துணிக்கு ஒரு மெஷின், தரைக்கு வட்டமாக ஒன்று நாய்க்குட்டி மாதிரி கட்டிலுக்கு அடியில் போய்ப் போய் வருகிறது, மிச்சத்துக்கு வேலை செய்கிற பெண். நான் ஒரு டம்ளரை எடுத்தால் நீ ஓடிவந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். "அம்மா, நீங்க எதையும் தொடாதீங்க, சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றாய். உட்கார்ந்திருந்தேன். பூச்சாடி மாதிரி உட்கார்ந்திருந்தேன், அந்தப் பெண் என்னையும் ஒரு துடை துடைத்துவிட்டுப் போவாளோ என்று இருந்தது. அப்போதுதான் எனக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு சாவியும் தேடிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். நம் ஊரிலேயே தேடக்கூடாதா என்று எல்லோரும் கேட்டீர்கள். நம் ஊரில் எந்தத் தெருவில் குடிபோனாலும் ஐயோ பாவம் என்று நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள், என்னால் அதைத் தாங்க முடியாது, தெரியாத நாட்டில் ஐயோ பாவம் சொல்ல ஆள் கிடையாது. "அண்ணி இந்த வயசுல முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு உலகம் சுத்தக் கிளம்பிட்டாங்க" என்று உன் சித்தப்பா கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தாராம். மூட்டை இல்லை, பெட்டி, சக்கரம் வைத்த பெட்டி என்று அவருக்குச் சொல்லிவிடு.

ஒரு வருடத்துக்கு மேலாக நான் பார்த்த அறைகளை விவரமாகச் சொன்னால் இரண்டு நாளைக்கு உனக்குச் சாப்பாடு இறங்காது. முதலில் போன நாட்டில் கடலைப் பார்த்த விடுதி, படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. தலையணை உறையைக் கழற்றினால் எனக்கு முன்னால் படுத்தவர்களின் தலை எண்ணெய் பஞ்சு வரைக்கும் இறங்கி மஞ்சளாக ஒரு முகமே படிந்திருக்கிறது, கண்ணும் மூக்கும் வரைய வேண்டியதுதான் பாக்கி. கம்பளத்தில் வெறுங்காலை வைத்தேன், வெட்டிப் போட்ட நகம் குத்தியது, என்னுடையது இல்லை. அடுத்த நாட்டில் ஒரு வீட்டுக்காரி, பார்க்க லட்சணமானவள், பூனைக்குச் சோறு வைக்கிற தட்டிலேயே எனக்கு ரொட்டியை நீட்டினாள். கேட்டதற்குக் கழுவின தட்டு என்றாள். கழுவித்தான் இருந்தது, பூனை கழுவியிருந்தது. அங்கிருந்து கப்பலேறி இறங்கிய ஊரில் வேறு இடம் கிடைக்காமல் ஒரே அறையில் மேலும் கீழுமாகக் கட்டில் போட்ட பொது விடுதியில் படுத்தேன். எனக்கு மேல் கட்டிலில் உன் வயதில் ஒருத்தி, அவளும் தனியாகத்தான் நாடு நாடாகப் போகிறாளாம், அவளுடைய ஈரக் காலுறை இரண்டும் என் மூக்குக்கு நேராகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. சொன்னால், "ஆன்ட்டி, இதெல்லாம்தான் அனுபவம்" என்றாள். அனுபவம் உன்னோடு இருக்கட்டும், சோப்பு வேண்டுமானால் நான் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள், சோப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது இருக்கிற இந்த ஊருக்கு வந்தபோது இனி நகர முடியாது என்று முழங்கால் சொல்லிவிட்டது. இங்கே ஒரு வீட்டுப் புரோக்கர் அகப்பட்டான். நான் அவனுக்குச் செண்ட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன், குளிப்பதற்குப் பதிலாக அதைத்தான் பூசுகிறான் என்பது பக்கத்தில் நின்றால் தெரியும். அவன் என்ன செய்தான் என்றால், "வயசானவங்க நீங்க, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேணாம்மா, ஒரு வாரம் சும்மா இருந்து பாருங்க, வாடகையே வேணாம், பிடிச்சா எழுதிக்கலாம்" என்று ஓர் அறையைத் திறந்துவிட்டான். நானும் மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். அறையின் நிலையை என்னவென்று சொல்ல? குளியலறைச் சாக்கடைச் சல்லடையைத் தூக்கினால் கறுப்பும் செம்பட்டையும் நரையுமாக ஒரு குடும்பத்தின் முடி மொத்தமும் சவுக்காரத்தில் ஊறிக் கயிறாகத் திரிந்து வருகிறது, இழுக்க இழுக்க வருகிறது. உனக்குத் தெரியும், கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் எங்கள் தலைமை சிஸ்டர் வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றிக் கதவின் மேல் விளிம்பில் இழுத்துப் பார்ப்பார், கறை வந்தால் அந்தக் கைக்குட்டையை எங்களையே துவைக்கச் சொல்வார். அப்படி வளர்ந்தவள் அழுக்கின் நடுவில் படுத்துத் தூங்க முடியாது. முட்டிக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு சோடா உப்பும் பிரஷ்ஷுமாக மூலை மூலையாகத் தேய்த்தேன். குழாய் இடுக்குக்கும் ஜன்னல் சட்டத்துப் பள்ளமான காடிக்கும் உன் அப்பாவின் சவர பிரஷ்ஷைப் போல எதுவும் வராது, அவர் இருந்தவரை அது அவர் முகத்தைத் தவிர எதையும் தொட்டதில்லை. வாரம் முடிவதற்குள் அறை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆனதும் பார்த்தால் மாடிப்படியில் வெளிச்சம் போதவில்லை. பிடிக்கவில்லை என்று பெட்டியைக் கட்டினேன். செண்ட்டு முகம் கோணாமல், "அதுக்கென்னம்மா, இன்னொண்ணு இருக்கு" என்றான். அதுவும் பன்றித் தொழுவம்தான், அதையும் தேய்த்தேன், தேய்த்து முடித்ததும் பக்கத்து வீட்டு ரேடியோ சகிக்கவில்லை. மூன்றாவதில் ஜன்னல் எதிரில் சுவர். இப்படியே ஒவ்வொன்றாக நடந்தது.

நாலாவதாக அவன் கொடுத்தது இப்போது நான் இருக்கிற வீடு, இதை வீடு என்று சொல்வது வீட்டுக்கு அவமானம். முன்னறை எனக்கு, பின்னறையில் ஒருத்தி, சமையலறை இரண்டு பேருக்கும் பொது. அவள் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள், நான் டிரைவரம்மா என்கிறேன். என் வயதுதான் இருக்கும், ஜன்னல் பக்கம் வைத்து வைத்து ஒரு கை மட்டும் கறுத்துப்போய் இரண்டு வெவ்வேறு ஆட்களின் கை போல இருக்கும். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிய தொண்டை, இன்னும் இறங்கவில்லை. வாணலியிலேயே சாப்பிடுவாள். தேநீரைக் கலக்கிய ஈரக் கரண்டியை அப்படியே சர்க்கரையில் போடுவாள், சர்க்கரை முழுக்கப் பழுப்புக் கட்டி கட்டியாக இருக்கும். ஒரே துணி, மேஜைக்கும் அதுதான், கைக்கும் அதுதான், ஒரு நாள் மூக்குக்கும் அதுவே போனதை என் கண்ணால் பார்த்தேன். சீப்பை முடியோடு சிங்க் ஓரத்தில் வைப்பாள். நான் வாய் மூடிக்கொண்டிருப்பேன் என்று நினைக்காதே, இவர்கள் மொழி எனக்குச் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது, பேசுகிற அளவுக்குத்தான் இன்னும் வரவில்லை. இங்கே எல்லோரும் பேசுவதை நம் பேச்சில்தான் எழுதுகிறேன், ஆனால் டிரைவரம்மா பேசுவது சரியாக இப்படித்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறுகிறவர்களைப் போல நான் சமையலறைக்குள் கால் வைத்ததும், "செக்கிங் ஏறியாச்சு, எல்லாரும் டிக்கெட்டை எடுங்கப்பா" என்று கத்துவாள், அங்கே அவளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். நான் தேய்த்தால், "தேய் தேய், சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆக்கிக் காட்டறேன்" என்பாள், சொன்னபடி ஆக்கியும் காட்டுவாள். இத்தனை நாளில் அவள் ஒரு கரண்டியைக் கழுவி நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஜன்னல் காடியைத் தேய்க்க சவர பிரஷ்ஷைத் தேடினால் காணோம். மூன்றாவது அறையில் குழாய்க்கு மேல் வைத்து மறந்தது ஞாபகம் வந்தது. போய்க் கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள், புதிதாகக் கல்யாணம் ஆனவள் என்று பார்த்தாலே தெரிந்தது, உள்ளே அவள் புருஷன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "ஓ, சுத்தம் பண்ற அம்மா நீங்கதானா! புரோக்கர் சொன்னாரு, ஒரு அம்மா இருக்காங்க, வாடகைக்கு விடறதுக்கு முன்னாடி வந்து கண்ணாடி மாதிரி பண்ணிட்டுப் போவாங்க, அதனாலதான் இந்த ரூமுக்கு ரேட் கூடன்னு. சனிக்கிழமை சனிக்கிழமை எங்களுக்கும் வர முடியுமா?" என்றாள். என் பிரஷ் ஒன்று இங்கே இருக்கிறது, அதற்காக வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் புருஷனைப் பார்த்தாள், அவன் வாசல் மூலையைக் காட்டினான். ஷூவுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டிருக்கிறான் அதைக்கொண்டு. உன் அப்பாவின் கன்னத்தில் நுரை பூசின பிரஷ், முடி முடியாக ஒட்டித் தார் மாதிரி நிற்கிறது. அதை அவள் என் கையில் கொடுத்தாள், கூடவே ஒரு பழைய ஸ்வெட்டரையும் மடித்து நீட்டினாள், "உங்களுக்குக் குளிருக்கு ஆகும், வச்சுக்கோங்க" என்று. மகளே, என் வாழ்க்கையில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று பழந்துணி வாங்கியவள் இல்லை நான். கக்கத்தில் கிழிந்திருந்தது, துவைக்கவும் இல்லை, வியர்வை வாடை. நன்றி, உங்கள் வீட்டில் மிதியடி இல்லை, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். அந்தப் படியையும் நான்தான் தேய்த்திருந்தேன், இறங்கும்போதே தெரிந்தது.

அங்கிருந்து நேராகச் செண்ட்டுவின் அலுவலகத்துக்குப் போனேன். சலவைக் கடைக்கு மேலே கண்ணாடி போட்ட ஓர் அறை, ஆணியில் சாவிக்கொத்துகள், மேஜையில் பிளாஸ்டிக் செடி, அதன் இலைகளில் தூசி கனமாகப் படிந்திருக்கிறது. உட்காரச் சொன்னான், நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பேசினேன். ஒரு கிழவியைச் சம்பளம் இல்லாத வேலைக்காரியாக வைத்து அறை அறையாகச் சுத்தம் செய்து வாங்கியிருக்கிறாய், வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவனுக்கு வெட்கம் என்ற உறுப்பே கிடையாது. "நான் எங்கம்மா பண்ணச் சொன்னேன்? நீங்களே பண்ணீங்க. பிடிக்கலன்னு நீங்களே போனீங்க. நான் ஒரு ரூமையாவது காலி பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேனா?" என்றான். அதோடு நிறுத்தவில்லை. "ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. அழுக்கா இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ரூம் பிடிக்குது. சுத்தமானதும் பிடிக்காமப் போகுது. இதுக்கு நான் எந்த ஊர்ல வீடு பாக்கறது?" என்றான். உன் மேல் வருகிற செண்ட்டு நாற்றத்துக்கு முன்னால் என் அறைகள் எவ்வளவோ மேல் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, அவன் என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் திட்டிக்கொண்டே அவனுடைய பிளாஸ்டிக் செடியை நான் முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இலை பச்சையாகப் பளபளவென்று இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன், மீதி இலைகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை. படி இறங்கும்போது அவன் மேலேயிருந்து, "இப்ப இருக்கற வீட்டையும் விட்டுடப் போறீங்களா? விடுங்க விடுங்க, அங்க எவனும் நிக்கறதில்ல, அந்த பஸ் ஓட்டின அம்மாவோட சேந்து அதைச் சுத்தம் பண்ணவே முடியாது, வேற நல்லதாப் பாத்துத் தர்றேன்" என்றான்.

வழியெல்லாம் எனக்கு அருவருப்பு, அவன் மேல் இல்லை, என் மேல். வீட்டுக்கு வந்தேன், உனக்குப் போன் செய்து வருகிறேன், அறையை அப்படியே வை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், உண்மையாகச் சொல்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை எடுக்கப் போனால் அதன் மேல் ஒரு கூடை நிறைய வெங்காயம். டிரைவரம்மா வைத்திருக்கிறாள். சக்கரம் வைத்த பெட்டியின் மேல் முழுக்கத் தோல், ஒரு வெங்காயம் அழுகிச் சாறு வேறு இறங்கியிருந்தது. கத்தினேன். அவள் வாணலியோடு வந்து வாசலில் நின்று, "சும்மாதான கெடந்துச்சு பெட்டி, நீ வந்த நாள்லேர்ந்து தொடக்கூட இல்ல, சமையல்கட்டுல இடம் இல்ல, வச்சேன், இப்ப என்ன?" என்றாள். நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். "போ. போறவங்களைத் தடுத்து எனக்குப் பழக்கம் இல்ல, ஸ்டாப் வந்தா எறங்கத்தான வேணும். வெங்காயத்தை மட்டும் கீழ எடுத்து வச்சுட்டுப் போ" என்றாள். சொல்லிவிட்டு என் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். யாருது என்று கேட்டாள். என் வீட்டுக்காரருடையது என்றேன். ஷூ பாலிஷா என்றாள். ஆமாம் என்று சொல்லும்போது என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வாணலியை என் சுத்தமான போர்வை மேல் வைத்துவிட்டுப் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போனாள்.

சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பஸ் ஓட்டின காலத்தில் கிரீஸ் போகக் கழுவுகிற சோப்பாம், ஒரு தகர டப்பா, அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அந்தக் கறுத்த கையும் கறுக்காத கையுமாகப் பிரஷ்ஷை முடி முடியாகப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டியைக் கழுவாத ஜென்மம். நான் நிற்பது தெரிந்தும் செக்கிங் என்று கத்தவில்லை. கடைசியில் ஒரு தடவை உதறிவிட்டு, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடி கீழே பார்க்க ஆணியில் மாட்டினாள், பிரஷ் அப்படித்தான் காய வேண்டும், உன் அப்பாவும் அப்படித்தான் மாட்டுவார். பிரஷ் வெள்ளையாகிவிட்டது. ஆனால் சிங்க்கைப் பார்க்க வேண்டுமே, நான் காலையில் தேய்த்த சிங்க் முழுக்கக் கறுப்பு, குழாயில் கறுப்பு, சுவரில் தெறித்த கறுப்பு, சர்க்கரை டப்பாவில் அவள் ஐந்து விரலும். "இதை யார் துடைக்கறது?" என்று கேட்டேன். "நீதான் ஊருக்குப் போறியே" என்று மேஜைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் துடைத்தேன். துடைக்கும்போதுதான் செண்ட்டு சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அவன் ஒரு கேவலமான மனிதன், கேவலமானவர்கள் சொல்வதெல்லாம் பொய்யாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓர் அறை சுத்தமாகிவிட்டால் அங்கே எனக்கு வேலை முடிந்துபோகிறது, வேலை முடிந்த இடத்தில் பூச்சாடியாக உட்காரத்தான் முடியும். இந்த வீட்டில் வேலை முடியாது. இவள் இருக்கிறவரை முடியாது. நான் வந்த நாளிலிருந்து பெட்டியைத் தொடவில்லை என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன அசிங்கம் செய்து வைத்திருக்கிறாளோ என்று எரிச்சலோடு எழுந்திருக்கிறேன், உன் அப்பா போன பிறகு நான் எரிச்சலோடுகூட எழுந்ததில்லை, வெறுமனே எழுந்தேன். நீ எதையும் தொடாதீங்கம்மா என்று அன்பாகத்தான் சொன்னாய், நான் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொன்னாய், அது எனக்குத் தெரியும், அதில் உன் மேல் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் எதையும் தொடாமல் இருக்க என்னால் ஆகாது.

அதனால் பதில் இதுதான். அறையைப் பெரியவளுக்குக் கொடு. நான் இங்கேயே இருக்கிறேன். மறுநாள் செண்ட்டுவிடம் போய் இந்த முன்னறையை என் பெயரில் எழுதித் தரச் சொன்னேன். நான் வருவதைப் பார்த்ததும் தன் சட்டைக் கையாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எந்த வீடு என்று சொன்னதும், "அந்த வீடா? அந்த அம்மாவோடயா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டான். ஒப்பந்தத்தில் பாதி வாக்கியம் முடியாமல் தொங்கியது, முழு வாக்கியமாக எழுதச் சொல்லி வாங்கி, படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். செடியின் மீதி இலைகளில் தூசி அப்படியே இருந்தது, கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். டிரைவரம்மாவிடம் சொன்னேன். சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே, "அப்ப வெங்காயம் அங்கயே இருக்கட்டும்" என்றாள். தோலைப் பெருக்கினேன், அழுகியதை எடுத்துப் போட்டேன், பெட்டியைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன், கூடையைத் திரும்ப அதன் மேலேயே வைத்தேன்.

பெரியவளிடம் சொல், அறை அவளுடையது, ஆனால் சீவின முடியை ஜன்னல் வழியாக வெளியே விடக்கூடாது, படுக்கையில் உட்கார்ந்து தின்னக்கூடாது, அலமாரியில் கீழ்த்தட்டில் என் வெள்ளைக் கைக்குட்டைகள் இருக்கின்றன, அதை நீ எனக்கு அனுப்பிவிடு, இங்கே தேவை அதிகம். உன் சித்தப்பா கேட்டால் அண்ணிக்கு மூட்டை இறக்க இடம் கிடைத்துவிட்டது என்று சொல், யாரோடு இருக்கிறேன் என்று சொல்லாதே, அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எல்லோருமாக ஒரு தடவை இங்கே வாருங்கள். படுக்கப் பாய்தான், சமையலறை நாறும், குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. இங்கே யாரும் எதை வேண்டுமானாலும் தொடலாம், தொட்டபின் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் எரிச்சல்படுத்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, இருமல் என்றால் மார்பைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல், போனதும் எனக்கு எழுது. தபால் நிலையத்துக்கு இனி எழுதாதே, அவர்கள் கோப்பை வைப்பதற்கா நீ கடிதம் எழுதுகிறாய்? என் முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஓட்டையான அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு நல்ல பக்கமாகப் பார்த்துப் பேனாவில் எழுதிக்கொள்.

உன் அம்மா